ரோலெக்ஸ்: அசலா, போலியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடம் சேர்த்த பணத்தில் ஒரு நல்ல வாட்ச் வாங்க நினைப்பவர்களும், வெளிநாட்டு உறவினர் கொடுத்த வாட்ச் உண்மையானதா என்று தெரிந்துகொள்ள நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எல்லா பிராண்டையும் ஒரே பக்கத்தில் அடக்க முடியாது. நகல் எடுப்பவர்கள் முதலில் கைவைப்பது ரோலெக்ஸில் என்பதால் பெரும்பாலும் அதை வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் உலவும் ‘போலியைக் கண்டுபிடிக்கப் பத்து வழிகள்’ பட்டியலை, போலி தயாரிப்பவர்கள் நமக்கு முன்பே படித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு அடையாளமாக அவர்கள் திருத்திக்கொண்டே வருகிறார்கள். அவர்களுக்கு இன்னும் கஷ்டமாக இருப்பது, வாட்சின் எல்லா உறுப்புகளும் ஒரே வயதையும் ஒரே கதையையும் சொல்லும்படி செய்வதுதான். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்தப் பொருத்தத்தைப் பார்க்கத்தான்.

வினாடி முள் டிக் டிக் என்று குதிக்காமல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அப்படியானால் ஒரிஜினல்தானே?

இல்லை. இந்தச் சோதனை காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்றைய ரோலெக்ஸ் மெஷின் மணிக்கு 28,800 முறை துடிக்கும், அதாவது வினாடிக்கு 8 முறை. அதனால்தான் முள் வழுக்குவதுபோலத் தெரிகிறது. சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள சீன ஆட்டோமேட்டிக் மெஷின்களிலும் இதே 28,800 உண்டு.

எதிர்ப்பக்கமாக மட்டும் இது உதவும். ரோலெக்ஸின் சப்மரைனர் மாடல் என்றோ டேட்ஜஸ்ட் மாடல் என்றோ சொல்லி விற்கும் வாட்சில் முள் வினாடிக்கு ஒருமுறை குதித்தால், உள்ளே பேட்டரி மெஷின் இருக்கிறது, வாங்க வேண்டாம். ரோலெக்ஸே 1977-ல் ஆய்ஸ்டர்குவார்ட்ஸ் என்ற பேட்டரி வாட்சை வெளியிட்டது உண்மைதான். ஆனால் அதன் கேஸ், செயின் வடிவமே தனி. டயலிலும் ஆய்ஸ்டர்குவார்ட்ஸ் என்றே எழுதியிருக்கும்.

தேதிக்கு மேலே உள்ள லென்ஸைப் பார்த்தால் தெரியும் என்கிறார்களே?

ஓரளவுக்குத் தெரியும். சைக்ளோப்ஸ் எனப்படும் அந்த லென்ஸ் தேதியை 2.5 மடங்கு பெரிதாக்கும். ஜன்னல் முழுக்க எண் நிறைந்து நிற்கும். மலிவான போலிகளில் எண் சின்னதாக, ஜன்னலில் ஒரு பக்கம் ஒதுங்கிக் கிடக்கும். விலை கூடிய போலிகளில் இப்போது பெருக்கமும் சரியாக வந்துவிடுகிறது.

லென்ஸோடு நிறுத்தாமல், நள்ளிரவில் தேதி எப்படி மாறுகிறது என்று பாருங்கள். நவீன சப்மரைனர், டேட்ஜஸ்ட் இரண்டிலும் தேதி ஒரே தாவலில் மாறும். கண் இமைத்தால் தவறவிட்டுவிடுவீர்கள். பல போலிகளில் பதினொன்றரைக்கே எண் நகரத் தொடங்கி, இரண்டு எண்களுக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும். கடையிலேயே முள்ளைத் திருப்பிப் பார்த்துவிடலாம்.

பின்மூடி கண்ணாடியாக இருக்கிறது, மெஷின் ஓடுவது அழகாகத் தெரிகிறது. நல்லதுதானே?

ரோலெக்ஸைப் பொறுத்தவரை கெட்ட செய்தி. சப்மரைனர், டேட்ஜஸ்ட், ஜிஎம்டி எல்லாவற்றுக்கும் மூடிய உலோகப் பின்மூடிதான். 2023-ல் வந்த பெர்பெச்சுவல் 1908, பிளாட்டினம் டேடோனா போன்ற சிலவற்றில்தான் கண்ணாடி மூடி உண்டு.

கண்ணாடியில் 6 மணிக்கு மேலே ஒரு குட்டிக் கிரீடம் இருக்க வேண்டுமாமே?

2000-களின் தொடக்கத்திலிருந்து வந்தவற்றில் உண்டு. லேசரால் நுண்ணிய புள்ளிகளாகப் பொறிக்கப்பட்டது. வெளிச்சத்தைச் சாய்வாக விழவைத்து, பூதக்கண்ணாடி பிடித்து, வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால்தான் அகப்படும். வெறும் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தால் சந்தேகப்படுங்கள். 1995-ல் வாங்கியது என்று சொல்லும் வாட்சில் அது இருந்தால், கண்ணாடி பிற்பாடு மாற்றப்பட்டிருக்கிறது. மாற்றியது யார், எங்கே என்று கேளுங்கள்.

சீரியல் நம்பரை வெப்சைட்டில் போட்டுப் பார்த்தேன், ‘அசல்’ என்று வந்தது. போதாதா?

போதாது. ரோலெக்ஸ் தன் சீரியல் பதிவேட்டைப் பொதுமக்களுக்குத் திறந்து வைக்கவில்லை. அந்த வெப்சைட்டுகள் சொல்வதெல்லாம் ‘இந்த வரிசை எண் ஏறத்தாழ இந்த ஆண்டைச் சேர்ந்தது’ என்பதுதான். அதுவும் 2010-க்கு முன் வந்தவற்றுக்கு மட்டுமே பொருந்தும். அதன்பிறகு எழுத்தும் எண்ணும் கலந்து, வரிசையே இல்லாமல் கொடுக்கிறார்கள். எண்ணை வைத்து ஆண்டைக் கணிக்க வழியில்லை.

மேலும், உண்மையான வாட்ச் ஒன்றின் போட்டோவிலிருந்து எண்ணை எடுத்து, அதையே நூற்றுக்கணக்கான போலிகளில் பொறிப்பது சர்வசாதாரணம். எண் அசலாக இருக்கலாம், வாட்ச் போலியாக இருக்கலாம்.

எண் எங்கே இருக்கிறது, எப்படிப் பொறித்திருக்கிறது என்பது அதைவிடப் பயனுள்ள கேள்வி. பழைய வாட்ச்களில் செயினைக் கழற்றினால் 6 மணிப் பக்கம், செயின் மாட்டும் கொம்புகளுக்கு இடையே சீரியல், 12 மணிப் பக்கம் மாடல் எண். 2000-களின் நடுவிலிருந்து கண்ணாடிக்கு உள்ளே, டயலைச் சுற்றியுள்ள சரிவான வளையத்தில் ரோலெக்ஸ் என்ற பெயர் திரும்பத் திரும்ப வரும். சீரியல் 6 மணிக்கு நேராக இருக்கும். அசலில் எழுத்தின் பள்ளம் சுத்தமாக, வெளிச்சம் பட்டதும் மினுங்கும். அமிலத்தில் அரித்தது போலச் சாம்பல் பூத்த, மணல் மணலான எழுத்து நல்ல அறிகுறி இல்லை.

பெட்டி, கியாரண்டி கார்டு, பை எல்லாம் இருக்கிறது. ‘ஃபுல் செட்’ என்கிறார்.

பெட்டியும் கார்டும் வாட்சைவிட எளிதாக நகலெடுக்கக்கூடியவை. அசல் காலிப் பெட்டிகள் தனியாகவும் விற்கின்றன. கார்டில் உள்ள எண் வாட்சில் உள்ள எண்ணோடு ஒத்துப்போனாலும், இரண்டையும் ஒரே இடத்தில் அச்சடித்திருக்கலாம்.

கார்டைவிட நான் மதிப்பது பில்லைத்தான். இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற கடையில் வாங்கியதென்றால் ஜிஎஸ்டி பில் இருக்கும். கடையைக் கூப்பிட்டு அந்த பில் எண்ணில் இப்படியொரு விற்பனை நடந்ததா என்று கேட்க முடியும். 2025 ஏப்ரல் 22-க்குப் பிறகு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள கைக்கடிகாரத்துக்கு 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்பவரே வாங்குபவரிடம் வசூலித்துக் கட்டும் வரி, பிடிக்க வேண்டும். கடையில் புதிதாக வாங்கியவருடைய வரிக்கணக்கில் அது பதிவாகியிருக்கும். போலி பில்லில் இந்த வரியை மறந்துவிடுபவர்கள் உண்டு.

ஃபர்ஸ்ட் காப்பி, 7ஏ, சூப்பர் குளோன்: இவையெல்லாம் என்ன?

எல்லாம் போலிதான். ‘ஃபர்ஸ்ட் காப்பி’, ‘7ஏ’ என்பவை விற்பவர்கள் வைத்த பெயர்கள். எந்தத் தர நிர்ணயமும் பின்னால் இல்லை. ஒரு கடையில் 7ஏ என்பது இன்னொரு கடையில் சாதாரண டூப்ளிகேட்.

சூப்பர் குளோன் என்பதை மட்டும் கொஞ்சம் அச்சத்தோடுதான் பார்க்க வேண்டும். ரோலெக்ஸின் 3135, 3235 மெஷின்களையே பார்த்துப் பார்த்து நகலெடுத்தவை அவை. சீனாவின் குவாங்ஜோ நகரத்து மொத்தச் சந்தைகளைச் சுற்றி வளர்ந்த தொழில் இது. எடை, பீங்கான் வளையம், தேதித் தாவல் வரைக்கும் சரியாக இருக்கும். வீட்டில் உட்கார்ந்து இணையப் பட்டியலை வைத்து இவற்றைப் பிடிக்க முடியாது என்று ஒப்புக்கொள்வதே நல்லது.

அப்படியானால் மூடியைத் திறந்து பார்ப்பதுதான் வழியா?

இருக்கிற வழிகளில் அதுவே உறுதியானது. வாங்குவதற்கு முன் திறந்து காட்டச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் செகண்ட் ஹேண்ட் ரோலெக்ஸ் வாங்க வேண்டாம் என்பது என் திடமான கருத்து.

திறந்ததும் எல்லோரும் சுழலும் எடைத்தகட்டில் உள்ள பெயரையும் கிரீடத்தையும் பார்த்துத் திருப்தியடைகிறார்கள். பெயரை யாரும் பொறிக்கலாம். பார்க்க வேண்டியது பேலன்ஸ் வீலை, அதாவது முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும் அந்தச் சின்னச் சக்கரத்தை. 3135 மெஷினில் அந்தச் சக்கரத்துக்கு மேலே போகும் பட்டை ஒரு பாலம்போல இரு கரையிலும் திருகு போட்டு இறுக்கியிருக்கும். சக்கரத்தின் உள்விளிம்பில் பொன்னிறத்தில் குட்டிக் குட்டி நட்டுகள் தெரியும்; வேகத்தைக் கூட்டிக் குறைப்பது அவற்றைத் திருகித்தான். சக்கரத்தோடு இணைந்த மயிரிழைச் சுருளின் கடைசிச் சுற்று மேலே எழுந்து உள்பக்கம் வளைந்திருக்கும்.

சாதாரணப் போலிகளில் அந்தப் பட்டை ஒரு கரையில் மட்டும் பிடிமானம் உள்ள ஒற்றைக் கையாக நீட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் கூட்டல், கழித்தல் குறியோடு ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். அந்த நெம்புகோலைக் கண்டால் அது 3135 இல்லை. மேலே எத்தனை கிரீடம் பொறித்திருந்தாலும் இல்லை.

குளோன்களில் பாலமும் உண்டு, நட்டும் உண்டு. அங்கே கண்ணை ஓட்ட வேண்டியது விளிம்புகளில். அசலில் பட்டைகளின் ஓரங்கள் சாய்வாகச் செதுக்கி மெருகேற்றியிருக்கும், திருகுத் தலைகளின் பள்ளம் கூர்மையாக இருக்கும், மெஷினில் பதித்த சின்னக் கற்களைச் சுற்றி அழுக்கோ பிசிறோ இருக்காது. பத்து மடங்கு பூதக்கண்ணாடியில், பக்கத்தில் ஓர் அசல் மெஷினின் தெளிவான படத்தை வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். அப்போதும் சந்தேகம் இருந்தால், ரோலெக்ஸ் மெஷினில் கைபழகிய ஒருவர் சொல்வதைக் கேளுங்கள்.

பின்மூடி வரிவரியான ஓரம் உடையது. அதற்கென்று உள்ள சாவியால்தான் திறக்க வேண்டும். பேருந்து நிலையத்துப் பக்கம் கண்ணாடிப் பெட்டி போட்டு உட்கார்ந்திருக்கும் நம் வாட்ச் ரிப்பேர்காரர்களில் அற்புதமான கைக்காரர்கள் இருக்கிறார்கள். எச்.எம்.டி. மெஷினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார்கள். அவர்களிடம் போனாலும், அந்தச் சாவி இருக்கிறதா என்று கேட்டுவிட்டே கொடுங்கள். குறடு பட்ட கீறல் விலையைக் குறைத்துவிடும்.

தாத்தா காலத்து வாட்ச். கடைக்காரர் டயல் மாற்றியது என்கிறார். அவர் எப்படிச் சொல்கிறார்?

பழைய வாட்ச்களில் முழுப் போலியைவிடக் கலப்புதான் அதிகம்: அசல் கேஸ், அசல் மெஷின், புதிதாக வண்ணம் பூசிய டயல். இங்கேதான் வயதுப் பொருத்தம் நன்றாக வேலை செய்கிறது.

டயலின் அடியில், 6 மணிக்குக் கீழே பாருங்கள். 1960-களிலிருந்து 1990-களின் இறுதிவரை, இருட்டில் ஒளிர டிரிடியம் என்ற கதிரியக்கப் பொருளைப் பூசினார்கள். அப்படிப்பட்ட டயலில் ‘ஸ்விஸ்’ என்ற சொல்லோடு, டிரிடியத்தைக் குறிக்கும் ஆங்கில ‘டி’ எழுத்தும் சேர்ந்து வரும். 1998 வாக்கில் டிரிடியத்தை விட்டதும் சிறிது காலம் வெறும் ‘ஸ்விஸ்’, பிறகு ‘ஸ்விஸ் மேட்’. டிரிடியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. ஆகவே 1985-ல் செய்த சப்மரைனர் இன்று இருட்டு அறையில் பிரகாசமாக ஒளிர முடியாது. ஒளிர்ந்தால், பூச்சோ டயலோ பிறகு மாற்றப்பட்டது. ரோலெக்ஸ் சர்வீஸிலேயே மாற்றியிருந்தால் அது போலி ஆகாது. ஆனால் ‘எதுவும் மாற்றாத அசல்’ என்ற விலை அதற்குப் பொருந்தாது.

இதே சோதனையை முள்ளுக்கும் செய்யுங்கள். டயல் புள்ளிகள் பழுப்பேறியும் முட்கள் வெள்ளையாகவும் இருந்தால், இரண்டும் ஒரே காலத்தவை இல்லை.

நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட், எச்.எம்.டி. இவற்றைப் பழைய பாகங்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்து, பளபளக்கும் நிறத்தில் டயலை மறுபடி அச்சடித்து விற்கிறார்கள். வாட்ச் சேகரிப்பவர்கள் இவற்றை ‘மும்பை ஸ்பெஷல்’ என்பார்கள். ஐம்பது வருட வாட்சில் ரோஜா நிறத்திலோ கிளிப்பச்சையிலோ புத்தம்புது டயல் இருந்தால் அதுதான். தாத்தாவின் வாட்ச் அழுக்கேறி, எழுத்து மங்கியிருந்தால் தயவுசெய்து டயலுக்கு மறுபடி பெயிண்ட் அடிக்கக் கொடுக்காதீர்கள். மெஷினை மட்டும் சர்வீஸ் செய்யுங்கள். அந்த மங்கல்தான் அது அசல் என்பதற்கான சாட்சி.

பெரிய ஏல நிறுவனத்திலோ பேர்போன கடையிலோ வாங்கினால் பயமில்லைதானே?

பயம் வெகுவாகக் குறையும், முற்றிலும் போகாது. 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஃபிலிப்ஸ் நடத்திய ஏலத்தில், 1957-ல் வந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று (மாடல் எண் 2915-1) 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் விற்றது. எதிர்பார்த்த விலை 80,000 முதல் 1,20,000 பிராங்க் வரைதான். வெயிலில் பழுப்பாகக் கனிந்த டயல் என்று உலகமே வியந்தது. வாங்கியது வேறு யாருமில்லை, தன் அருங்காட்சியகத்துக்காக ஒமேகா நிறுவனமே.

2023-ல் ஒமேகாவே உண்மையை ஒப்புக்கொண்டது: வெவ்வேறு வாட்ச்களின் பாகங்களைப் பொருத்திச் சேர்த்த வாட்ச் அது. பாகங்களில் பெரும்பாலானவை ஒமேகாவின் அசல் பாகங்களே. இதில் தன் முன்னாள் ஊழியர்கள் மூவருக்குப் பங்கு உண்டு என்றும் நிறுவனம் அறிவித்தது.

தயாரித்தவரே தன் பொருளை வாங்கி ஏமாந்த கதை இது. பாகங்களைத் தனித்தனியாகச் சோதித்தால் பெரும்பாலும் ‘அசல்’ என்றுதான் பதில் வரும். அவை பிறந்ததிலிருந்தே ஒன்றாக இருந்தனவா என்பதைச் சோதிக்கத்தான் பழைய பில், சர்வீஸ் ரசீது, வாட்ச் கைமாறிய வரலாறு எல்லாம் வேண்டியிருக்கிறது.

தங்க வாட்ச் என்றால் நகைக்கடையில் காட்டலாமா?

தாராளமாக. கேரட் மீட்டர் உள்ள எந்த நகைக்கடையிலும் சில நிமிட வேலை. இன்றைய ரோலெக்ஸ் தங்கம் 18 கேரட், 750 முத்திரை இருக்கும். 1995-க்குப் பிறகு ஸ்விஸ் அரசு முத்திரை செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை. ஸ்டீலும் தங்கமும் கலந்த செயினிலும் நடுக்கண்ணிகள் முழுத் தங்கமே, முலாம் கிடையாது. தேய்ந்த இடத்தில் வெள்ளை தெரிந்தால் முடிந்தது கதை. கேரட் மீட்டர் மேற்பரப்பைத்தான் படிக்கும் என்பதால், கனமான முலாமில் அது தவறலாம். தேய்ந்த ஓரங்களில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரோலெக்ஸ் கம்பெனியின் ஆன்லைன் தள்ளுபடி என்று விளம்பரம் வருகிறதே?

ரோலெக்ஸ் தன் இணையதளத்தில் வாட்ச் விற்பதே இல்லை. விளம்பரத்தை மூடிவிடுங்கள்.

துபாயிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து தெரிந்தவர் வாங்கி வருகிறார். பாதி விலை சொல்கிறார்.

சப்மரைனர் போன்ற மாடல்களுக்குக் கடைகளில் காத்திருப்புப் பட்டியல் இருக்கிறது. வெளிச்சந்தையில் அவை பட்டியல் விலையைத் தாண்டியும் கைமாறுகின்றன. வரி வித்தியாசத்தால் கொஞ்சம் குறையலாம், பாதியாகக் குறைய வழியே இல்லை. துபாய் கராமாவிலும் பாங்காக்கின் இரவுச் சந்தைகளிலும் நகல்கள் வெளிப்படையாகவே கிடைத்துவந்திருக்கின்றன. ‘துபாயில் வாங்கியது’ என்பது எந்தச் சான்றிதழும் இல்லை. கொண்டு வருபவரும் ஏமாற்றப்பட்டிருக்கலாம், அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். பில் கேளுங்கள். சுங்கத்தில் அறிவித்து வரி கட்டிய ரசீதும் கேளுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது என்ன எழுதி வாங்க வேண்டும்?

மாடல் எண், சீரியல் எண், எந்தெந்த பாகங்கள் மாற்றப்பட்டவை, ‘அசல் இல்லையென்று தெரியவந்தால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்’ என்ற ஒரு வரி, கையெழுத்து, தேதி. நேர்மையான வியாபாரி இதற்குத் தயங்க மாட்டார். பணம் வங்கி வழியாகவே போகட்டும். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது. ‘கேஷ்தான் வேண்டும்’ என்பவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

சில நாடுகளில் 2022 டிசம்பர் முதல் ரோலெக்ஸே அங்கீகரித்த பழைய வாட்ச் விற்பனையும் நடக்கிறது, 2 ஆண்டு கியாரண்டியோடு. விலை கூடுதல்தான். முதல் தடவை வாங்குபவருக்கு அந்தக் கூடுதல் தொகை தகும் என்று நினைக்கிறேன்.

காப்பி என்று தெரிந்தே வாங்குவது குற்றமா?

இந்தியாவில் 1999-ம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டம் குறிவைப்பது தயாரிப்பவரையும் விற்பவரையும்: 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். ‘காப்பி என்று சொல்லித்தானே விற்றேன்’ என்பது தப்பிக்கும் வழி ஆகாது. சொந்த உபயோகத்துக்கு வாங்கியவரை இந்தப் பிரிவுகள் தொடுவதில்லை. ஆனால் அதைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்கோ சுவிட்சர்லாந்துக்கோ போனால் சுங்கத்தில் பறிமுதல் ஆகலாம். பிரான்சில் அபராதமும் உண்டு.

போலி என்று தெரியாமல் வாங்கிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

வாட்சைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்; அதுதான் உங்கள் ஆதாரம். முதலில் எழுத்துபூர்வமாக ஒரு கருத்து வாங்குங்கள். போலி வாட்சை அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையம் பழுதுபார்க்காது. எடுத்துக்கொள்ள மறுத்தால் காரணத்தை எழுதித் தரக் கேளுங்கள். வாட்சப் உரையாடல், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள்.

ஆன்லைனில் பணம் அனுப்பி சில மணி நேரம்தான் ஆகிறது என்றால் வேறெதற்கும் முன் இணைய மோசடிகளுக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள். அந்தப் பணம் கைமாறுவதற்குள் முடக்க வாய்ப்பு இருக்கிறது. கடையில் வாங்கியிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கேயே வழக்குப் போடலாம், 2 ஆண்டுக்குள் போட வேண்டும். விற்றவர் வியாபாரி இல்லாமல் தனிநபர் என்றால் காவல் நிலையத்தில் மோசடிப் புகார், பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவு.

விட்ட பணத்தைப் பிடிக்க அதே வாட்சை இன்னொருவருக்குத் தள்ளிவிடச் சொல்லும் நண்பர்கள் இருப்பார்கள். போலி என்று தெரிந்த பிறகு விற்றால், மேலே சொன்ன சிறைத் தண்டனைப் பிரிவு உங்கள்மீதே பாயும்.